1.8 ரென்விக்

ஜேனட் எக்கல்மன், 2015
முடிச்சிட்டும் பின்னியும் செய்த இழைவலை, வண்ண விளக்குகள், அச்சிட்ட தரைவிரிப்பு

2011 மார்ச் 11. ஜப்பானின் கிழக்குக் கடலில் நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. அந்த அதிர்வில் பூமியின் ஒரு நாள் 1.8 மைக்ரோ விநாடி குறைந்துபோனதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். தலைப்பில் உள்ள எண் அதுதான்.

வாஷிங்டன் ரென்விக் கலைக்கூடத்தின் 'வண்டர்' கண்காட்சிக்காகக் கூரையிலிருந்து தொங்கவிட்ட வலை இது. இதன் மேடுபள்ளங்கள், பசிபிக் கடலைக் கடந்த அந்த அலைகளின் உயரக் கணக்கிலிருந்து உருவானவை. விளக்கின் நிறம் மாற மாற, முடிச்சுகளின் நிழல் சுவரில் ஊர்கிறது.

எக்கல்மன் 1997இல் ஓவியராகத்தான் மாமல்லபுரம் வந்தார். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. கரையில் மீனவர்கள் குவித்திருந்த வலைகள் கண்ணில் பட்டன. அவர்களோடு சேர்ந்தே தம் முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார்.

விரிப்பில் மல்லாந்து படுத்தும் பார்க்கலாம்.