கூடத்து விளக்கும் டிம்மர் விசையும்

தில்லியிலோ நாகபுரியிலோ வாடகை வீட்டில் குடியேறும் நம்மவர் சிலருக்குக் கூடத்துச் சரவிளக்கொன்று வீட்டோடு வந்து சேர்கிறது. அதன் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் ஒரு திருகு விசை இருக்கும், அதுவே டிம்மர். சில மாதங்கள் செவ்வனே நடந்தபின் ஒரு நாள் அது ரீங்காரமிடும், தொட்டால் சுடும், பிறகு எவ்வளவு திருகினாலும் விளக்குகள் மங்காமல் முழு ஒளியோடே நிற்கும். மிஸ்திரி வந்து அதே போன்ற வேறொன்றை மாட்டிச் செல்வார். அடுத்த தீபாவளிக்குள் அதுவும் கெட்டுப்போகும். குற்றம் டிம்மரிடத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

பழைய மின்விசிறி ரெகுலேட்டர், மின்னாற்றலைக் கம்பிச்சுருளில் வெப்பமாக்கி வீணடித்தே வேகத்தைக் குறைத்தது. டிம்மரின் வழி வேறு. நம் வீட்டு மின்னோட்டத்தில் வினாடிக்கு 50 அலைகள், அதாவது 100 அரை அலைகள் உண்டு. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்னும் சிறு கருவி, ஒவ்வோர் அரை அலையிலும் சிறிது நேரம் வாயிலை அடைத்துவைத்துப் பின்னர் திறந்துவிடுகிறது. அடைப்பு நீண்டால் ஒளி மங்கும். திறந்திருக்கையில் ஆம்பியருக்குச் சுமார் 1 வாட் வீதம் அக்கருவியில் வெப்பம் பிறக்கிறது. அற்பம் என்று தோன்றலாம்; ஆனால் காற்றோட்டமில்லாத சுவர்ப்பெட்டிக்குள் மணிக்கணக்கில் சேரும் வெப்பம் அது. அளவு மீறினால் டிரையாக் கெட்டு, வாயில் திறந்தபடியே நின்றுவிடும்.

400 வாட் என்று பொறித்த டிம்மர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1.7 ஆம்பியர் தாங்கும். சரவிளக்கில் 60 வாட் பல்புகள் 8 இருந்தால் 480 வாட். 2 ஆம்பியரைக் கடந்துவிட்டது. அப்படியானால் எம்.சி.பி. விழுந்து காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. 6 அல்லது 10 ஆம்பியருக்கு அமைந்த அது, சுவருக்குள் ஓடும் கம்பியைக் காக்க வந்ததேயன்றி டிம்மரைக் காக்க வந்ததன்று. பலர் ஏமாறும் இடம் இதுவே.

எல்.இ.டி. பல்புகளை மாட்டினால் எட்டுக்கும் சேர்த்து 72 வாட்தானே என்பர். அது பாதி உண்மை. அவ்வகைப் பல்பு மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் திடீர் திடீரென்று இழுப்பதால், டிம்மரில் எல்.இ.டி.க்கெனத் தனியே குறைந்த எண் இருக்கும். 100 வாட் எல்.இ.டி. தாங்கும் என்று அச்சிட்டதை வாங்குக. எண் இல்லாவிடில், பொறித்த அளவில் பத்திலொரு பங்கையே கணக்கில் கொள்வது பத்திரம். பல்பின் அட்டையிலும் டிம்மருக்கு ஏற்றது என்றிருத்தல் வேண்டும். இல்லையேல் ஒளி படபடக்கும்.

மிஸ்திரியிடம் பேச இந்தி தடுமாறுகிறதா? "கித்னே வாட் கா ஹை?" என்ற ஒரு கேள்வி போதும். வாட், லோடு ஆகியவற்றிற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மொழிபெயர்த்தே பிழைக்கும் எனக்கு இது சிறிது வருத்தந்தான்!

வேலை தொடங்குமுன் எம்.சி.பி.யை இறக்கவேண்டும். டெஸ்டரை உயிருள்ள பிளக்கில் முதலில் சோதித்து, பிறகே டிம்மர்க் கம்பியில் வைத்துப் பார்க்கவேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் மின்சாரம் இல்லையென்றே சொல்லும். டிம்மர் பேஸ் கம்பியில்தான் அமையவேண்டும். நியூட்ரலில் அமைந்திருந்தால் விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும்; பல்பு மாற்ற ஏணியில் ஏறியவருக்கு அது உயிராபத்து. கருகிய கம்பி முனையை வெட்டி நீக்கி, திருகாணியை இறுக்கவேண்டும். மாட்டியபின் முழு ஒளியில் ஒரு மணி நேரம் எரியவிட்டு டிம்மரின் முகப்பைத் தொட்டுப் பார்க்கலாம். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க இயலாத சூடாயின் உடனே அணைத்துவிட்டு, பல்புகளின் வாட்டை மீண்டும் கூட்டிப் பார்க்கவேண்டும்.