கரையை உடைக்கும் உரிமை

கடலோரச் சதுப்பைக் காப்பதற்குச் சட்டத்தால் தடை விதிப்பது ஒரு வழி. அந்நிலத்தையே விலை கொடுத்து வாங்குவது இன்னொரு வழி. எஞ்சியிருக்கும் சதுப்பு மேலும் அழியாமல் தடுக்கத் தடை போதும். முன்பே அழிந்ததை மீட்க வேண்டுமெனில் நிலத்தின் மீது உரிமை வேண்டும். இவ்வேறுபாடு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தெளிவாக விளங்குகிறது.

அலை அடங்கிய கழிமுகங்களில், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம் கொண்டுவரும் வண்டல் படிந்து, அதில் உப்பைத் தாங்கும் புல்லும் செடியும் வேரூன்றிய நிலமே உவர்ச் சதுப்பு எனப்படுகிறது. இவ்விரிகுடாவைச் சுற்றி இத்தகைய ஓதச் சதுப்புகள் ஏறத்தாழ 1,90,000 ஏக்கரில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வயலுக்காகவும் உப்பளத்துக்காகவும் ஊர் விரிவுக்காகவும் கரை கட்டி ஓதத்தை மறித்ததால், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 40,000 ஏக்கரே எஞ்சியது. 1965இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் விரிகுடாவை மண்ணிட்டு நிரப்புவதைக் கட்டுப்படுத்தியது என்றாலும், கரைக்குள் அடைபட்ட நிலத்துக்குக் கடலைத் திரும்பக் கொண்டுவரும் ஆற்றல் அதற்கு இல்லை.

அந்த ஆற்றல் 2003இல் கிடைத்தது. கார்கில் நிறுவனத்தின் உப்பளங்களில் 16,500 ஏக்கர் 10 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது, அதில் 7.2 கோடியைக் கலிபோர்னியா மாநிலமும், 80 லட்சத்தை நடுவண் அரசும், 2 கோடியைத் தனியார் அறக்கட்டளைகளும் அளித்தன. 2006 மார்ச்சில் அல்விசோ என்னும் ஊரை ஒட்டிய மூன்று பாத்திகளின் கரைகள் வெட்டப்பட்டு, ஓதம் உள்ளே விடப்பட்டது.

கரை திறந்தபின் பெரும்பகுதி வேலையை ஓதமே செய்கிறது. ஏறும் நீர் வண்டலைச் சுமந்து வருகிறது. ஏற்றத்தின் உச்சியில் ஓட்டம் நிற்கும் சிறு பொழுதில் அவ்வண்டல் அடியில் தங்குகிறது. தரைமட்டம் போதிய அளவு உயர்ந்ததும் கோரை போன்ற ஓதப்புல் முளைத்து, தன் தண்டுகளால் நீரின் வேகத்தைக் குறைத்து, மேலும் வண்டலைப் பிடித்துவைக்கிறது. அதைவிட மேடான இடங்களில், தமிழகக் கடலோரத்து உமரிக்கு உறவான, சதைப்பற்றுள்ள செடி படர்கிறது. அச்செடியின் அடர்த்தியில் ஒளிந்து, அதையே தின்று, உப்புநீரையும் குடித்து வாழும் அறுவடைச் சுண்டெலி உலகில் இவ்விரிகுடாவையொட்டிய சதுப்புகளில் மட்டுமே உண்டு. பேரோதத்தின்போது அது செடியின் மேல்நுனிக்கு ஏறித் தப்பிக்கிறது.

ஆயினும் எல்லாக் கரைகளையும் ஒரே நாளில் வெட்டிவிட முடியாது. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் அல்விசோவில் தரை வெகுவாகத் தாழ்ந்துவிட்டது. எனவே கடலோரக் கரையைத் திறக்குமுன், ஊர்ப்பக்கம் வெள்ளத்தடுப்புக் கரையை வலுப்படுத்தியாக வேண்டும். நியூ அல்மடன் என்னும் பழைய பாதரசச் சுரங்கத்திலிருந்து ஆற்றோடு வந்த பாதரசம் வண்டலில் தங்கியுள்ளது. அது நுண்ணுயிர்களால் நச்சு மிகுந்த சேர்மமாக மாறி மீன்களிலும் பறவைகளிலும் சேரும் என்பதால், ஒரு பாத்தியில் மதகு அமைத்து, விளைவுகளை அளந்தபடியே நீர் சிறிதுசிறிதாக விடப்பட்டது. வறண்ட உப்புத்தரையில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவைகளுக்காகச் சில பாத்திகளை அப்படியே விட்டுவைக்கவும் வேண்டியுள்ளது.

இப்பணிகளுக்குத் தொடர்ந்து பணம் வேண்டும் என்பதால், விரிகுடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்டங்களின் வாக்காளர்கள் 2016இல், ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 12 டாலர் வீதம் இருபது ஆண்டுகளுக்கு வரி செலுத்த ஒப்புதல் அளித்தனர்.

கடல்மட்டம் உயரும் காலத்தில் இவ்வேலைக்கு வேறொரு பரிமாணமும் சேர்கிறது. வண்டல் படியும் வேகத்தைவிடக் கடல் விரைவாக உயர்ந்தால், சதுப்பு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தே உயிர்வாழ முடியும். அப்பக்கம் சாலையும் கட்டடமும் நின்றால், நகர இடமின்றி அது மூழ்கிவிடும். ஆகவே, இன்று ஈரமாயிருக்கும் நிலத்தோடு, அதன் பின்னுள்ள வறண்ட மேட்டையும் அதன் விலை ஏறுமுன் வாங்கி வைத்தால்தான், முன்பு செலவிட்ட 10 கோடி டாலரின் பயன் அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும்.