சும்மா கிடைப்பதா, காசு கட்டிய சரக்கா?

ஒரு மூடை அரிசி வாங்கினாலும் கையில் அள்ளிப் பார்த்து விலை பேசுகிறவர்கள் நாம். ஆனால் அரச வைத்தியசாலை என்றதும், "சும்மா கிடைப்பதில் என்ன தரம் இருக்கப் போகிறது?" என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்லி விடுகிறோம்.

முதலாவது, அது சும்மா கிடைப்பதல்ல. 1951 முதல் நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் நடக்கும் இந்தச் சேவைக்கு வரிப் பணமே முதல். 2024 ஜனவரியில் 18 வீதமான வற் வரியில் நாமும் நம் வாடிக்கையாளரும் கட்டிய காசும் அதில் இருக்கிறது.

இரண்டாவது, சரக்கின் தரம். 1934-35இல் மலேரியாவுக்குச் சுமார் 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாடு இது. 2016இல் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. தெஹிவளை வாசிகளுக்குப் பக்கத்திலேயே களுபோவில போதனா வைத்தியசாலை இருக்கிறது. மாலையில் நாம் பணம் கட்டிச் சந்திக்கும் விசேட நிபுணர்களில் பலர், காலையில் அரச வாட்டுகளில் வேலை செய்பவர்கள்தாம்.

குறை இல்லையா? உண்டு. 2022 டொலர் நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். வரிசையில் போகும் அரை நாளும் வியாபாரிக்கு நட்டம்தான்.

ஆகவே கணக்குப் போட்டு நடப்போம். தடிமன், இருமலுக்குப் பக்கத்து டிஸ்பென்சரி லாபம். விபத்து, பெரிய சத்திரசிகிச்சை என்றால் முதலில் அரச வைத்தியசாலையை விசாரியுங்கள். ஒரே ஒரு பில்லுக்காகக் கடை முதலையே கரைத்தவர்கள் நம் பஸாரில் இல்லையா? சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கிளினிக் கொப்பி போட்டுக்கொள்வது நல்லது. அங்கே இல்லாத மருந்தை வெளியில் வாங்கும்போது, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப் பெயரைச் சொல்லி விலை கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியதே இந்த விலை வித்தியாசத்துக்காகத்தான். அதன் ஒசுசல கடைகளிலும் விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, நம் கடைப் பையன்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. கிளினிக் நாளில் அவர்களுடைய சம்பளத்தை வெட்டாதீர்கள். சுகமுள்ள வேலையாள்தான் கடைக்கு லாபம்.