பின்களத்தில் நின்ற லிலியன் துராம்

உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயர் ஊரெங்கும் ஒலிக்கின்றது. கோல் விழாமல் தடுத்தவரை ஆட்டம் முடிந்ததுமே மறந்து விடுகின்றோம். பிரான்ஸின் ஓய்வுபெற்ற பின்கள வீரர் லிலியன் துராம் இதற்கு விதிவிலக்கானவர். அப்புத்தளை முதல் பதுளை வரை பரந்துள்ள தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் நாம் அவரை அறிந்துகொள்வதற்கு விளையாட்டுக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு.

துராம் 1972 ஆம் ஆண்டு கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் பிறந்தவர். பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்ட அத்தீவு ஒரு கரும்புத் தோட்டத் தீவாகும். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பிலேயே அது செழித்தது. 1848 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, தோட்டத்துரைமாரின் பார்வை தென்னிந்தியாவின் மீது திரும்பியது. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகள் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களின் வழிவந்தோருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கோரி, ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923 இலேயே வெற்றி பெற்றது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அதனை மீட்பதற்கு 2003 வரை காத்திருந்த மலையக மக்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

துராமின் தாயார் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். ஒன்பதாவது வயதில் தாயாருடன் வாழப் பாரிஸ் புறநகருக்கு வந்த சிறுவனைச் சக மாணவர்கள், அக்காலத்துக் கேலிச்சித்திரத் தொடரொன்றில் வந்த கறுப்புப் பசுவின் பெயரால் அழைத்தனர். தமது நிறம் ஒரு குறையாகக் கருதப்படுவதை அன்றுதான் அவர் அறிந்தார். அது ஏன் என்ற வினா அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

மொனாக்கோ கழகத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய துராம், 1996 இல் இத்தாலியின் பார்மா கழகத்தில் இணைந்தார். 1999 இல் அக்கழகம் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கக் கிண்ணத்தை வென்றது. பின்னர் ஜுவண்டஸ், பார்சிலோனா ஆகிய பெருங்கழகங்களுக்கும் ஆடினார். பின்கள வீரரின் தொழில் பந்தைத் துரத்துவது மட்டுமன்று. எதிரணி வீரர் அடுத்து எங்கு செல்வார் என்பதை முன்னரே கணித்து, அவ்விடத்தில் நிற்பதாகும். அக்கலையில் துராம் வல்லவராக விளங்கினார்.

பிரான்ஸ் தேசிய அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 142. 2022 வரை எந்தப் பிரெஞ்சு வீரரும் அதனைக் கடக்கவில்லை. இத்தனை ஆட்டங்களில் அவர் பெற்ற கோல்கள் இரண்டே. அவ்விரண்டும் 1998 உலகக் கிண்ண அரையிறுதியில், குரோஷியாவுக்கு எதிராகப் பெறப்பட்டவை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் குரோஷியா முதல் கோலைப் போட்டது. துராம் உரிய இடத்தில் நில்லாமையும் அதற்கு ஒரு காரணம். அடுத்த நிமிடமே அவர் கோல் போட்டுச் சமப்படுத்தினார். பின்னர் 70 ஆவது நிமிடத்தில் வெற்றி கோலையும் பெற்றார். இறுதியாட்டத்தில் பிரேசிலை வீழ்த்திப் பிரான்ஸ் முதன்முறையாக உலகக் கிண்ணத்தை வென்றது. அல்ஜீரியப் பெற்றோரின் மகனான சிடேன், கானாவில் பிறந்த டெசாய், குவாதலூப்பில் பிறந்த துராம் ஆகியோரைக் கொண்ட அவ்வணியை நாடே கொண்டாடியது. ஆயினும் 2006 இல் அணியில் வெள்ளையரல்லாதோர் மிகுதி என அரசியல்வாதி லு பென் குறைகூறினார். தாங்கள் பிரெஞ்சுக்காரர்களே என்று துராம் உடனே பதிலளித்தார்.

2008 இல் மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு கண்டறியப்பட்டதால், 36 வயதில் அவர் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் இனவாதத்துக்கு எதிரான கல்விக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். எந்தக் குழந்தையும் இனவாதியாகப் பிறப்பதில்லை, அது கற்பிக்கப்படுவது என்பதே அவரது வாதம். கற்பிக்கப்பட்டதை மாற்றிக் கற்பிக்கவும் இயலும் அல்லவா? பாடசாலையில் கறுப்பின மக்களைப் பற்றி முதன்முதலாகத் தாம் கற்றது அடிமை முறை குறித்த பாடமே என்பதை நினைவுகூர்ந்த அவர், உலக வரலாற்றில் சிறந்து விளங்கிய கறுப்பினத்தவரைப் பற்றி 2010 இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. அப்புத்தளையின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து உயர்கல்விக்காகவோ, தொழிலுக்காகவோ வெளியூர் செல்லும் இளைஞன் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை இன்றும் கேட்க நேரிடுகின்றது. முஸ்லிம் மாணவி தனது உடைக்காக ஏளனப் பார்வையைச் சந்திக்கின்றாள். இவற்றைக் கண்டிக்கும் நாமே, நமது வீடுகளில் சாதியின் பேரால், ஊரின் பேரால், மதத்தின் பேரால் பிறரைத் தாழ்த்தும் சொற்களைப் பிள்ளைகளின் காதில் விழவைக்கின்றோம் என்பதை மறுக்க முடியுமா?

தோட்டப் பாடசாலைகளில் லயத்து வாழ்வின் அவலத்தை மட்டுமன்றி, காட்டை அழித்து மலைநாட்டை உருவாக்கிய உழைப்பையும், உரிமைக்காகப் போராடியோரின் வரலாற்றையும் பிள்ளைகள் கற்க வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே அணியில் ஆடும் வாய்ப்புகள் பெருக வேண்டும். இழிசொல் நம் பிள்ளையின் மனத்தை அடையுமுன் அதனைத் தடுக்கும் பின்கள வீரர்களாகப் பெற்றோரும் ஆசிரியர்களும் நிற்பதே இன்றைய தேவையாகும்.