டியூபுலேரியா: நீரோட்டத்தை நம்பி வாழும் விலங்கு

ஸ்காட்லாந்து, நார்வே கரைகளில் குறுகலான கடல்வழிகள் உண்டு. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றில் தண்ணீர் ஆற்று வெள்ளம்போலப் பாயும். அங்கே முக்குளிப்பவர்கள் பாறைச் சுவரில் இளஞ்சிவப்புத் தலைகள் அடர்ந்து ஆடுவதைப் பார்க்கலாம். முதல் பார்வைக்குப் பூத்த செடி. உண்மையில் ஒவ்வொரு தலையும் இரை பிடித்துத் தின்னும் விலங்கு. லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த பெயர் டியூபுலேரியா இன்டிவிசா. பவளத்துக்கும் கடல் சாமந்திக்கும் ஜெல்லி மீனுக்கும் இது சொந்தம். நம் கடற்கரைகளில் சில பருவங்களில் ஒதுங்கும் நீல நிறப் போர்பிட்டா இன்னும் நெருங்கிய உறவு. இரண்டும் ஹைட்ரோசோவா வகுப்பைச் சேர்ந்தவை.

இதன் உடலைப் புரிந்துகொண்டால் இது எங்கே வாழும், எங்கே வாழாது என்பதும் பெருமளவு புரிந்துவிடும். அதனால் உடலிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்டு பத்து, பதினைந்து சென்டிமீட்டர் உயரம் வளரும். கிளை விடாது. வெளியே கைட்டின் கலந்த மஞ்சள் நிற உறை. அதுதான் எலும்பில்லாத இந்த உயிரை நிமிர்த்தி நிறுத்துகிறது. உறைக்குள்ளே உயிருள்ள திசு. அதன் ஓரமாக நீளவாக்கில் பல நுண்கால்வாய்கள் ஓடுகின்றன. அடியில் பல தண்டுகள் பின்னிப் பிணைந்து பாறையைப் பற்றியிருக்கும்.

உச்சியில் உள்ள தலையை உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு வளையங்களாக உணர்கொம்புகள் தெரியும். அகன்ற அடிப்பகுதியைச் சுற்றி நீண்ட வெள்ளைக் கொம்புகள் இருபது முப்பது. மேலே வாயைச் சுற்றிக் குட்டையானவை ஏறத்தாழ நாற்பது. நீண்டவை வலை, ஓட்டத்தில் அடித்து வரும் நுண்ணிய ஓட்டுடலிகளை அவை பிடித்துக்கொள்ளும். குட்டையானவை இரையை வாய்க்குள் தள்ளும். கொம்பெங்கும் கொட்டும் செல்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்ட நூலோடு ஓர் உறை, தொட்டதும் வெடிக்கக் காத்திருக்கும். நன்னீரில் வாழும் உறவினரான ஹைட்ராவில் அந்த வெடிப்பை அதிவேகக் கேமராவால் அளந்திருக்கிறார்கள்: 700 நானோநொடி. விலங்குலகில் இவ்வளவு விரைவான அசைவுகள் மிகச் சிலவே.

மூளை இல்லை, நரம்பு வலை மட்டும். இதயம் இல்லை, செவுள் இல்லை. வாய்தான் கழிவு வாயிலும். ஆக்சிஜனை ஒவ்வொரு செல்லும் அருகில் ஓடும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இரையைத் தேடிப் போகவும் முடியாது. ஆகவே தண்ணீர்தான் இதனிடம் வர வேண்டும், நிற்காமல் வர வேண்டும்.

ஹைட்ராய்டுகள் எனப்படும் இத்தகைய உயிர்களில் பலவற்றுக்குக் கிண்ணம் போன்ற கூடு உண்டு. ஆபத்து வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். டியூபுலேரியாவுக்கு அந்த வசதி இல்லை. ஓடில்லாத கடல் நத்தைகள் ஏறி வந்து தலைகளை மேய்ந்துவிடும். அவற்றில் ஏயோலிடு வகையினவற்றின் திறமை வியப்பானது: தின்ற கொட்டும் உறைகளில் சிலவற்றை வெடிக்கவிடாமல் தம் முதுகுத் துருத்தல்களின் நுனியில் சேர்த்து வைத்து, பின்னர் தம் எதிரிகள்மீது பயன்படுத்தும்.

தலை போனாலும் தண்டு சாவதில்லை. புதுத் தலை முளைக்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்காட்லாந்தின் சர் ஜான் கிரஹாம் டாலியெல் இந்த உயிரிகளைக் கடல்நீர் நிறைத்த கண்ணாடி ஜாடிகளில் பொறுமையாக வளர்த்து, தலைகள் உதிர்வதையும் மீண்டும் முளைப்பதையும் பதிவு செய்தார். ஒரே தண்டை வெட்டிய துண்டுகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட தலைகள் அடுத்தடுத்து வந்தன. பின்னர் உடலியலாளர் ஜாக் லோப் நேப்பிள்ஸில் இதன் உறவினம் ஒன்றின் தண்டை வெட்டி, இரு முனையும் நீரில் படும்படி தொங்கவிட்டார். இரு முனையிலும் தலை முளைத்தது! அடிமுனையை மணலில் புதைத்தால் அங்கே முளைக்கவில்லை. 1891இல் வெளியான இந்தச் சோதனை, உடல் தன் மேல் கீழை எப்படி அறிகிறது என்ற கேள்வியைக் கூர்மையாக்கியது. மரபியலில் புகழ்பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கனும் பழ ஈக்களிடம் போவதற்கு முன் டியூபுலேரியாவை வெட்டி ஆராய்ந்தவர்தான்.

இனப்பெருக்கத்திலும் இது தனி வழி. ஹைட்ரோசோவாக்கள் பலவற்றில் ஜெல்லி மீன் போன்ற ஒரு பருவம் பிரிந்து நீந்திப் போகும். டியூபுலேரியா அதைக் கைவிட்டுவிட்டது. இரண்டு கொம்பு வளையங்களுக்கும் நடுவே இனப்பெருக்க மொட்டுகள் திராட்சைக் கொத்துகளாகத் தொங்கும். ஆண், பெண் தனித்தனி. முட்டை தாயின் மொட்டுக்குள்ளேயே கருவுற்று, கொம்புகள் முளைத்த குட்டி உயிராக வெளியேறும். இதற்கு ஆக்டினுலா என்று பெயர். அதற்கு நீந்தத் தெரியாது. ஓட்டம் கொண்டுபோகும் வழியில் ஏதாவது கெட்டியான பரப்பில் கொம்பு நுனி ஒட்டிக்கொண்டால் அங்கேயே குடியேறும்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், வடக்கே ஆர்க்டிக் நீர்வரையிலும் இதைக் காணலாம். பிரிட்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் உண்டு. ஓதம் வற்றும் எல்லைக்குச் சற்றுக் கீழே தொடங்கி நூறு மீட்டருக்கும் ஆழமான இடங்கள்வரை வாழ்கிறது. ஆனால் இந்தப் பரப்பெங்கும் சீராகப் பரவியில்லை. பாறைச் சுவரும் வேகமான ஓட்டமும் சேர்ந்த இடத்தில் கம்பளமாக மண்டும். அடுத்த வளைவில் நீர் தேங்கி வண்டல் படிந்தால் ஒன்றுகூட இருக்காது.

மணல் மூடிய தெற்கு வட கடலில் பாறை அரிது. அங்கே மனிதர் தவறவிட்ட இரும்பு பாறையின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பெல்ஜியக் கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களை ஆராய்ந்தபோது, பலவற்றை டியூபுலேரியாவே ஆக்கிரமித்திருந்தது தெரியவந்தது. அந்தத் தண்டுகளின்மேல் ஜாஸா என்னும் சிறு ஓட்டுடலிகள் சேற்றுக் குழாய் கட்டிக் கூட்டங்கூட்டமாகக் குடியிருக்கின்றன. தட்டையான மணல்வெளியில் நிற்கும் ஒரு துருப்பிடித்த கப்பல், இந்தத் தண்டுகளால் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு இடமாகிறது.