பாக்கெட்டில் உள்ளதும் கேண்டீன் தட்டில் இல்லாததும்

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று டீக்கடை ஓரம் நின்று பார்த்தால் தெரியும். டீயில் தோய்த்த பன், ரவை உப்புமா, நேற்றைய பரோட்டா. இப்போது மளிகைக் கடையில் சரம் சரமாய்த் தொங்கும் மசாலா ஓட்ஸ் பாக்கெட்டும் சேர்ந்துகொண்டது. "கொலஸ்ட்ரால் ஏறியிருக்குன்னாங்க, ஓட்ஸ் சாப்பிடச் சொன்னாங்க, அதான்ணா" என்றார், அதை வாங்கிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்.

அவரிடம் சொல்லப்பட்டதில் தவறில்லை. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குடலில் அது வழவழப்பான கூழாகி, பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. குறைந்துபோன பித்தத்தைத் திரும்பச் செய்ய, ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை ஈரல் இழுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவும் என்று பாக்கெட்டில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது.

அந்த 3 கிராம் கிடைக்கச் சுமார் 75 கிராம் வெறும் ஓட்ஸ் தினமும் வேண்டும். அவர் கையில் இருந்த மாதிரியான சின்ன பாக்கெட்டின் மொத்த எடையே 40 கிராம் அளவுதான். அதிலும் உப்பு, மசாலா, சுவையூட்டிகள் போக மிச்சம்தான் ஓட்ஸ். ரத்தக்கொதிப்பும் இருக்கிறவருக்கு அந்த உப்பே கெடுதல்.

ஆகவே முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதவேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் சர்க்கரை என்றால் அந்தச் 'சத்துமாவு' சர்க்கரைதான். 100 கிராமில் 3 கிராம் நார் இருந்தாலே 'நார்ச்சத்து உள்ளது' என்று போட்டுக்கொள்ளலாம். 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து நிறைந்தது'. அந்த அளவுகூட இல்லாமல் போட்டிருந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. எல்லாவற்றுக்கும் முதல் ஆதாரம் பில். பத்து ரூபாய்ப் பொருளுக்கும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் விளையும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகின் கால்சியம் 364 மில்லிகிராம். சந்தையில் மூட்டையில் கொட்டி வைத்திருக்கும் அதற்கு லேபிளும் இல்லை, விளம்பரமும் இல்லை. அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகை 2023-இல் ரேஷனில் கொடுக்கத் தொடங்கியபோதுகூட முதலில் தர்மபுரிக்கும் நீலகிரிக்கும்தான் கிடைத்தது. கேழ்வரகு விளைகிற கிருஷ்ணகிரிக்கு இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கேழ்வரகில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார். மலச்சிக்கலுக்கும் வயிறு நிறைவதற்கும் நல்லது. கொழுப்பைக் குறைக்க ஓட்ஸுக்கு இருக்கிற அளவு சான்று அதற்கு இல்லை. நைஸாக அரைத்த மாவில் கிண்டிய களி சர்க்கரையை வேகமாக ஏற்றவும் செய்யும். சர்க்கரை நோயாளி உருண்டையைச் சிறிதாக்கி, கீரையும் மொச்சையும் கொள்ளும் கூட வைத்துக்கொள்வதே சரி. பயறுகளில் கரையும் நாரும் உண்டு. நம் ஊர் அம்மாக்கள் களியோடு பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தது எவ்வளவு பொருத்தம்! நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். உலைக்கருகே வியர்த்து வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது தினம் குறைந்தது 25 கிராம் நார். பகல் ஷிப்டில் ஒருவேளைச் சோறு கேண்டீனில்தானே! அங்கே என்ன வேகிறது என்பதில் தொழிலாளிக்குப் பேச்சுரிமை உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் உள்ள ஆலைகளில் கேண்டீன் வைக்கச் சொன்னதோடு, அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் வழி செய்தது. 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கேண்டீனுக்கான எண்ணிக்கையை ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 100 ஆக்கியது.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவில்லாமல் பாருங்கள். வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மருந்தகத்தில் காட்டுங்கள். பிறகு கேண்டீன் குழு என்றைக்குக் கூடுகிறது என்று கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் களியும் பயறும் வேண்டும் என்று நாலு பேர் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.