பட்டாவில் காணாமல் போன ஒரு சொல்

நிலச் சிக்கலோடு எங்களைத் தேடி வருவோர் பலர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: "இது எங்க தாத்தா காலத்து டி.சி. நிலங்க." கையில் பெரிதாக ஆவணம் ஏதும் இருக்காது. சிலரிடம் மடிப்புகளில் கிழிந்துபோன கிஸ்தி ரசீது ஒன்று இருக்கும். கணினியில் சிட்டாவை எடுத்துப் பார்த்தால் பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும். அதில் 'பஞ்சமி' என்ற சொல்லும் இராது, 'டி.சி.' என்ற குறிப்பும் இராது. ஊர் முழுவதும் அறிந்த உண்மை அரசின் தாளில் மட்டும் இல்லை. இது எப்படி நேர்ந்தது, சட்டத்தில் இதற்கு வழி உண்டா என்பவற்றையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

கல்லூரிப் பாடநூல்கள் நிலச் சீர்திருத்தத்தை ஜமீன் ஒழிப்பு, குத்தகைப் பாதுகாப்பு, உச்சவரம்பு என்று வரிசைப்படுத்துகின்றன. அந்த வரிசையில் சேரியில் வாழ்ந்த பண்ணையாள் எங்கே நின்றார் என்ற கேள்வியை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்தாரை அகற்றி, அவருக்குக் கீழிருந்த ரயத்துக்குப் பட்டா வழங்கியது. பண்ணையாள் ரயத்து அல்லர். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. கூலிக்கு உழுதவர் குத்தகைதாரரும் அல்லர். வாய்மொழி வாரத்துக்குப் பயிரிட்ட தலித் குடும்பங்களிடமோ அதை மெய்ப்பிக்கச் சீட்டு இல்லை. குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கான சட்டம் 1969இல்தான் வந்தது. 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் மட்டும் பண்ணையாளைப் பெயர் சொல்லி அழைத்தது. அதுவும் வேலைக்கும் கூலிக்கும் காப்பு அளித்ததே தவிர, நிலம் தரவில்லை.

உச்சவரம்பின் கதை யாவரும் அறிந்ததே. 1961ஆம் ஆண்டின் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பிட்டது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் பெரிய குடும்பங்களுக்குக் கூடுதல் ஒதுக்கீடு, பெண்களின் சீதன நிலத்துக்குத் தனி வரம்பு, பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு என அதில் வாசல்கள் பல இருந்தன. சட்டம் வருகிறது என்று முன்கூட்டியே அறிந்தவர்களுக்கு உறவினர் பெயருக்கும் பினாமி பெயருக்கும் எழுதிவைக்கப் போதிய அவகாசமும் இருந்தது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்றை நாங்கள் உயர்வாக மதிக்கிறோம். அது 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் கூலிப் போராட்டம் இருந்தது. கூலி கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம் என்பதே மிராசுதாரின் பெரிய ஆயுதமாக இருந்தது. ஏனெனில் குடிசை நின்ற மண் அவருடையது. குடியிருந்த மனையை உழைப்பவருக்கே உரிமையாக்கிய இச்சட்டம் அந்த ஆயுதத்தைப் பறித்தது. சில சென்ட் நிலம்தான். ஆயினும் கூலி பேசுகையில் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தச் சில சென்ட் தேவைப்பட்டது.

விளைநிலத்தைப் பொறுத்தவரை, தலித் மக்களுக்கென்றே வரையறுத்து வழங்கப்பட்டவற்றுள் முதன்மையானது இச்சட்டங்கள் அனைத்துக்கும் முந்தியது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை ஒன்றை அளித்தார். தரிசு நிலத்தைத் தரக்காஸ்து கொடுத்துக் கேட்கும் உரிமை ஏட்டில் எல்லோருக்கும் இருந்தது. நடைமுறையில் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. உழுபவனுக்கு நிலம் கிடைத்துவிட்டால் பண்ணைக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமே அந்த எதிர்ப்பின் வேர். அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படை செய்ய ஆணையிட்டது. பிற்காலத்தில் உறுதிப்பட்ட நிபந்தனைகள் இவை: முதல் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது, அதன் பின்னர் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம், மீறினால் இழப்பீடு இன்றி அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். அன்றைய மாகாணத்தில் இவ்வாறு வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று இயக்க மேடைகளில் சொல்லப்படுகிறது.

இங்கே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துண்டறிக்கைகள் பலவும் இதை '1892ஆம் ஆண்டுச் சட்டம்' என்றே எழுதுகின்றன. அது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று, அரசாணை. அதன் நிபந்தனைகள் வருவாய் வாரிய நிலை ஆணைகளிலும் ஒப்படைப் பத்திரங்களிலும் வாழ்கின்றன. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இந்தப் பிழையைத்தான். "அப்படியொரு சட்டமே இல்லை" என்று அவர் சொல்லும்போது, நியாயமான கோரிக்கை பொய்யானதுபோல் தோற்றம் கொள்கிறது.

சட்டமாக இல்லாவிடினும் நிபந்தனை செல்லும். காரணம் எளிது. சொத்தை வாங்கியவர் அதை விற்கவே கூடாது என்று விதிக்கும் நிபந்தனை, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் அரசு வழங்கிய நிலத்துக்கு அந்த விதி பொருந்தாது என்றது, பின்னர் நீக்கப்பட்டுவிட்ட 1895ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டம். அரசு எந்த நிபந்தனையோடு கொடுத்ததோ, அதுவே நிலைக்கும். இத்தகைய நிலங்களின் கைமாற்றத்தைத் தடைசெய்யும் கர்நாடகச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் உறுதிசெய்தது. சென்னை உயர் நீதிமன்றமும் பஞ்சமி நிபந்தனையை ஏற்றுத் தீர்ப்பளித்துள்ளது. 'விலை கொடுத்துத்தானே வாங்கினேன்' என்ற வாதம் மட்டும் போதாது.

அப்படியானால் நிலம் எப்படிப் போயிற்று? கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய சிறு கடனுக்கு நிலம் ஈடானது. வெற்றுத் தாளில் வைத்த கைநாட்டு பின்னர் கிரயப் பத்திரமாக மாறியது. இவை பழைய வழிகள். அடுத்த அடி அலுவலகத்துக்குள்ளிருந்து வந்தது. 1980களில் யூ.டி.ஆர். எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுப் பணியில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது, பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயரே பட்டாதாரராக ஏறியது. குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி.' என்ற இரண்டெழுத்து படியெடுக்கையில் விடுபட்டது. எழுத்தரின் கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்பதை ஊர் ஊராகத்தான் சொல்ல முடியும். இரண்டிலும் விளைவு ஒன்றே. பின்னர் அந்தப் பட்டாவைக் காட்டி மனைப்பிரிவு போட்டு விற்றார்கள்.

ஆகவே தேட வேண்டியது இன்றைய பட்டாவில் அன்று. யூ.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய அ-பதிவேடு, ஒப்படைப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை, பழைய புல எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்க வேண்டும். புதிய புல எண்ணை மட்டும் எழுதினால் 'ஆவணம் இல்லை' என்ற பதில் வந்து சேரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்காதது மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கிடைப்பதுண்டு. மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டால் பெரும்பணி முடியும்.

குற்றவியல் வழியும் உண்டு. பட்டியல் சாதியினரின் அல்லது அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதும் அதிலிருந்து அவர்களை வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின்கீழ்க் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. காவல் நிலையங்கள் இதனை 'சிவில் பிரச்சினை' என்று திருப்பி அனுப்புகின்றன. உரிமை வழக்கு நடப்பது குற்ற வழக்கைப் பதிவு செய்யத் தடையாகாது.

எனினும் ஆணையை மட்டும் நம்பி நிற்பதன் விலையை நாம் அறிவோம். காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். ஆந்திரம் 1977இலும் கர்நாடகம் 1978இலும் ஒப்படை நிலங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு அத்தகைய சட்டம் இல்லை. அதைக் கோரும்போது அவ்விரு மாநிலங்களின் அனுபவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கர்நாடகத்தில் மீட்பு மனுவுக்குக் காலவரம்பு சட்டத்தில் இல்லாதிருந்தும், 'நியாயமான காலத்துக்குள்' வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. அதன்பின் பல மனுக்கள் தாமதத்தைக் காரணம் காட்டித் தள்ளுபடியாயின. காலவரம்பே கிடையாது என்று 2023இல் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஆந்திரம், ஒப்படை பெற்று இருபது ஆண்டுகள் கடந்தவர் நிலத்தை விற்கலாம் என்று எதிர்த்திசையில் திருத்தியது. காலவரம்பின்மை நம் வரைவின் முதல் பிரிவிலேயே இடம்பெற வேண்டும்.

மனு எழுதுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நிபந்தனையை மீறிய நிலம் முதலில் அரசிடம்தான் திரும்பும். பழைய உரிமையாளரின் பேரப்பிள்ளைகளிடம் தானாக வந்துவிடாது. மீட்பு ஆணை பிறந்த பிறகு நிலம் புறம்போக்காகக் கிடக்க, பழைய ஆக்கிரமிப்பாளரே மறுபடியும் ஏர் பூட்டுவதுண்டு. எனவே எங்கள் மனுக்களில் மூன்று வேண்டுதல்களைச் சேர்த்தே எழுதுகிறோம்: பட்டாவை ரத்து செய்து நிலத்தை மீட்டல், அதே ஊரின் நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் மறு ஒப்படை, அளந்து கல் நட்டு நிலத்தை நேரில் கையளித்தல்.